சி.என்.சி. ரவுட்டரில் மரம் கருகுகிறதா? கருகிய இடத்தை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

சி.என்.சி. ரவுட்டரில், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மரம் வெட்டும் மெஷினில், வெட்டின ஓரம் கருத்துப் போயிருந்தால் பெரும்பாலோர் முதலில் செய்வது ஃபீட்டை (வெட்டும் முனை மரத்தில் முன்னேறும் வேகத்தை) குறைப்பது. மெதுவாகப் போனால் சுத்தமாக வெட்டும் என்பது கை ரம்பம் பிடித்த காலத்துப் பழக்கம். ரவுட்டரில் அதுவே கருகலை அதிகமாக்கும். நிமிடத்துக்கு 18,000 சுற்றில் சுழலும் பிட் (வெட்டும் முனை) ஒரு இடத்தில் எவ்வளவு அதிக நேரம் நிற்கிறதோ, அவ்வளவு அதிகமாக அந்த இடத்தைத் தேய்க்கும்.

பிட்டின் ஒவ்வொரு ஃப்ளூட்டும் (வெட்டும் விளிம்பும் அதை ஒட்டிய பள்ளமும்) ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீவலை எடுக்க வேண்டும். உண்டாகிற சூட்டில் பெரும்பங்கை அந்தச் சீவல்தான் வெளியே எடுத்துப் போகிறது. சீவல் மிக மெல்லியதாகிவிட்டால் விளிம்பு மரத்துக்குள் இறங்காது, மேலேயே வழுக்கித் தேயும். சூடு வெளியே போக வழியில்லாமல் மரத்திலும் பிட்டிலும் தங்கும். கருகல் எங்கே வந்தாலும் கடைசியில் காரணம் இந்தத் தேய்ப்புதான். ஆனால் எதனால் தேய்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். அதனால் எந்த எண்ணையும் மாற்றுவதற்கு முன்பு, கருகல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மாற்றும்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஃபீட், ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), பிட் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும்.

ஓரம் முழுக்க ஒரே சீராகக் கருகல்

முதலில் கீழே விழுந்திருப்பதைக் கையில் எடுத்துப் பாருங்கள். தேக்கு, வேங்கை, பிளைவுட் எதுவானாலும் விரலுக்குள் நெருடும் சீவலாக இருக்க வேண்டும். விபூதி மாதிரி மாவாக இருந்தால் பிட் வெட்டவில்லை, தேய்க்கிறது என்று அர்த்தம். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மட்டும் விதிவிலக்கு, அது எப்படி வெட்டினாலும் தூளாகத்தான் வரும். அங்கே தூளின் நிறத்தையும் வாசனையையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் கணக்கு. ஃபீட்டை ஆர்.பி.எம்.மால் வகுத்து, வந்ததை ஃப்ளூட் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு சீவலின் தடிமன் வரும். கடைகளில் அடிக்கடி பார்க்கிற அமைப்பு இது: ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) முழு வேகத்தில் 24,000, இரண்டு ஃப்ளூட் 6 மி.மீ. பிட், ஃபீட் நிமிடத்துக்கு 1500 மி.மீ. 1500-ஐ 48,000-ஆல் வகுத்தால் 0.03 மி.மீ. 6 மி.மீ. பிட்டுக்கு இது சீவலே இல்லை. தேக்கு போன்ற கெட்டி மரத்தில் 0.1-ஐ ஒட்டியும், பிளைவுட், எம்.டி.எஃப்.பில் 0.15-ஐ ஒட்டியும் ஆரம்பிக்கலாம். 3 மி.மீ. பிட்டுக்கு அதில் பாதி. பிட் தயாரிப்பாளர் ஓர் அட்டவணை கொடுத்திருந்தால் அதையே முதலில் நம்புங்கள்.

0.03-ஐ 0.1 ஆக்க இரண்டு வழி உண்டு. 24,000 சுற்றிலேயே ஓட்டினால் ஃபீட் 4800 வேண்டும். எல்லா மெஷினும் அந்த வேகத்தில் ஆடாமல் ஓடாது. ஸ்பிண்டிலை 15,000-க்கு இறக்கினால் 3000 போதும். சின்ன மெஷினில் எப்போதும் இரண்டாவது வழிதான் சரி என்பது என் கருத்து. அதுவும் முடியாதென்றால் ஒற்றை ஃப்ளூட் பிட்டுக்கு மாறுங்கள். அதே சுற்றில், அதே ஃபீட்டில் சீவல் தடிமன் இரட்டிப்பாகிவிடும். ஸ்பிண்டிலுக்குப் பதிலாகக் கையில் பிடிக்கும் டிரிம்மர் ரவுட்டரை மாட்டியிருப்பவர்களுக்கு இந்த ஒற்றை ஃப்ளூட் யோசனை ரொம்ப உதவும். டயலை 1-ல் வைத்தாலும் அவற்றில் பல 10,000 சுற்றுக்குக் கீழே இறங்காது.

வி.எஃப்.டி. (ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் பெட்டி) திரையில் ஆர்.பி.எம்.முக்குப் பதில் ஹெர்ட்ஸ் தெரிந்தால் 60-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். நம் கடைகளில் பரவலாக இருக்கும் 24,000 சுற்று ஸ்பிண்டில்களில் 400 ஹெர்ட்ஸ் என்றால் 24,000, 250 ஹெர்ட்ஸ் என்றால் 15,000. ஒன்று கவனிக்க வேண்டும்: சுற்றைப் பாதியாக்கினால் ஸ்பிண்டிலின் பவரும் ஏறக்குறைய பாதியாகும். சத்தம் கனத்துச் சுற்று திணறினால் ஒரு பாஸின் (பிட் ஒருமுறை ஓடி வெட்டுவதன்) ஆழத்தைக் குறையுங்கள், ஃபீட்டைக் குறைக்காதீர்கள். கெட்டி மரத்தில் பிட்டின் விட்டத்தில் பாதி ஆழம், பிளைவுட், எம்.டி.எஃப்.பில் விட்டம் அளவு ஆழம் என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் கருகுகிறதா? மெஷின் உண்மையிலேயே அந்த ஃபீட்டில் ஓடுகிறதா என்று பாருங்கள். சாஃப்ட்வேரில் 3600 என்று போட்டிருப்போம், கன்ட்ரோலரில் வேக விகிதம் யாரோ குறைத்து வைத்தபடியே 40 சதவீதத்தில் கிடக்கும். கையில் பிடிக்கும் டி.எஸ்.பி. கன்ட்ரோலர்களில், ஃபைலில் எழுதியிருக்கும் வேகத்தைக் கண்டுகொள்ளாமல் தன்னிடம் பதிந்திருக்கும் வேகத்திலேயே ஓட்டும் அமைப்பும் உண்டு. சோதிப்பது சுலபம்: ஒரு மீட்டர் நேர்கோட்டைக் காற்றில் ஓட்டி, செல்போனில் நேரம் பாருங்கள். 3600 என்றால் 17 விநாடிக்குள் முடிய வேண்டும். 40 விநாடி எடுத்தால் பிட்டையும் மரத்தையும் குறை சொல்லிப் பயனில்லை.

எம்.டி.எஃப்.பில் ஜாலி (துளையிட்ட அலங்காரத் தட்டி) வெட்டுபவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். பூ, கொடி, வளைவு எல்லாம் ஆயிரக்கணக்கான குட்டிக் கோடுகளாக உடைந்து வரும். ஒவ்வொரு கோட்டிலும் மெஷின் வேகம் எடுப்பதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். 4000 போட்டாலும் சராசரி 1200-ஐத் தாண்டாது. இந்த மாதிரி வேலைக்குப் போட்ட ஃபீட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஓடுகிற ஃபீட்டை வைத்து ஸ்பிண்டிலை இறக்குங்கள். வளைவுகளை நுணுக்கக் கோடுகளாக இல்லாமல் ஆர்க்காக (ஒரே வில் வளைவாக) ஏற்றுமதி செய்ய முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

நேற்று வரை நன்றாக வெட்டியது, இன்று கருகுகிறது

எண்கள் எதையும் தொடாமல் திடீரென்று கருக ஆரம்பித்தால் பிட் மழுங்கிவிட்டது, அல்லது பிசின் படிந்துவிட்டது. ஸ்பிண்டில் முழுக்க நின்ற பிறகு, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு பிட்டைக் கழற்றுங்கள். கொதிக்கும் சூட்டில் இருக்கலாம், துணி வைத்துப் பிடியுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் வெட்டும் விளிம்பை மெல்லத் திருப்பிப் பாருங்கள். கூரான விளிம்பு கண்ணுக்குக் கோடாகத் தெரியாது. மழுங்கிய இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு மின்னல் கோடு தெரியும். கட்டைவிரல் நகத்தின் மேல் பாரமில்லாமல் வைத்து லேசாக இழுத்தும் பார்க்கலாம். கூராக இருந்தால் நகத்தைக் கவ்வி ஒரு இழை சுரண்டும், மழுங்கியிருந்தால் வழுக்கிப் போகும்.

தேக்கில் எண்ணெய்ப்பசையும் உண்டு, மணல் மாதிரி சிலிக்காவும் உண்டு. முதலாவது விளிம்பில் படியும், இரண்டாவது அதை அரைக்கும். அதனால்தான் மற்ற மரத்தில் நெடுநாள் ஓடும் பிட் தேக்கில் சீக்கிரம் போய்விடுகிறது. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டைத் தேக்குக்கு வாங்கவே வாங்காதீர்கள், கார்பைடு மட்டும்தான்.

பிளைவுட்டில் மழுங்கல் வேறு மாதிரி காட்டும். வெட்டின முகத்தில் ஒரே உயரத்தில் கிடையாக ஒரு மெல்லிய கருகல் கோடு, எல்லாத் துண்டுகளிலும் அதே இடத்தில். பசை அடுக்கு பிட்டை அந்த உயரத்தில் மட்டும் அரித்துப் பள்ளம் போட்டிருக்கிறது. பிட்டின் மற்ற பகுதி இன்னும் நன்றாகத்தான் இருக்கும். பலகைக்குக் கீழே போடும் ஸ்பாயில்போர்டை மாற்றியோ, பாஸ் ஆழங்களை மாற்றியோ பிட்டின் வேறு பகுதி அந்தப் பசை அடுக்கில் படும்படி செய்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். ரொம்ப நாளுக்கு இல்லை.

பழுப்பாகப் பிசின் மட்டும் படிந்திருந்தால் பிட்டைத் தூக்கி எறிய வேண்டாம். வெந்நீரில் வாஷிங் சோடா கரைத்துக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஃப்ளூட்டின் உள்பக்கத்தைத் தேயுங்கள். நன்றாகத் துடைத்து, ஷாங்கில் (மெஷின் பிடிக்கும் தண்டுப் பகுதியில்) ஈரம் இல்லாமல் காயவைத்துவிட்டு மாட்டுங்கள். கத்தி முனையால் சுரண்டாதீர்கள், கார்பைடு விளிம்பு சில்லுச் சில்லாகப் போகும்.

புது பிட், சரியான கணக்கு, ஆனாலும் கருகல் போகவில்லை

சந்தேகம் கோலெட் (ஸ்பிண்டிலில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பிளவுபட்ட வளையம்) மேல் திரும்ப வேண்டும். பிட் நடுமையம் விலகிச் சுழன்றால் ஒரு ஃப்ளூட் இரட்டிப்பு வேலை செய்யும், இன்னொன்று வெறுமனே தேய்க்கும். 0.1 மி.மீ. சீவல் எடுக்கும் இடத்தில் 0.05 மி.மீ. ஆட்டம் இருந்தாலே கணக்கு குலைந்துவிடும். டயல் கேஜ் இருந்தால் ஷாங்கின் மேல் வைத்து ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். முள் 0.02-0.03 மி.மீ.க்குமேல் அசைந்தால் கோலெட்டைக் கவனிக்க வேண்டும். கேஜ் இல்லையா? கழற்றிய பிட்டின் ஷாங்கைப் பாருங்கள். கருப்பாகவோ பழுப்பாகவோ வளையம் போட்டுப் படிந்திருந்தால் அது கோலெட்டுக்குள் அசைந்துகொண்டிருந்திருக்கிறது.

பெரும்பாலும் உள்ளே தூள் அடைந்திருக்கும். கோலெட்டின் பிளவுகளையும், ஸ்பிண்டிலின் கூம்புப் பகுதியையும் துடைத்தாலே சரியாகிவிடும். மாட்டும்போது கோலெட்டை முதலில் நட்டுக்குள் 'கிளிக்' என்று உட்கார வைத்து, அப்புறம்தான் ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். நிறைய பேர் கோலெட்டை ஸ்பிண்டிலுக்குள் போட்டுவிட்டு மேலே நட்டை முறுக்குகிறார்கள், அது கோணலாகத்தான் பிடிக்கும். கால் அங்குல ஷாங்க் 6.35 மி.மீ. அதை 7 மி.மீ. கோலெட்டில் போட்டு இறுக்கினால் பிடிக்கும், ஆனால் வாயில் மட்டும் பிடிக்கும். 6.35-க்கான கோலெட் தனியாகக் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. கோலெட்டும் தேய்கிற சாமான்தான். அதிக வேலை ஓடும் கடையில் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

மூலைகளில் மட்டும் கருகல்

நேர்க்கோடு சுத்தம், மூலை மட்டும் கருப்பு. இங்கே பிட்டுக்கும் ஃபீட் எண்ணுக்கும் தொடர்பில்லை. திசை மாற மெஷின் வேகத்தைக் குறைத்து, கிட்டத்தட்ட நின்று, மறுபடி கிளம்புகிறது. ஸ்பிண்டில் மட்டும் அதே வேகத்தில் சுழல்கிறது.

உள்மூலையில் ஆரத்தை பிட்டின் ஆரத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். 6 மி.மீ. பிட்டுக்கு மூலை ஆரம் 3 என்று இருந்தால் பிட் அந்தப் புள்ளியில் நின்று திரும்பும். 4 என்று போட்டால் வளைந்துகொண்டே போய்விடும். டிசைனில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மாக்3 (மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேர்) பயன்படுத்துபவர்கள் மோட் சி.வி.யில் (நிற்காமல் சீரான வேகத்தில் போகும் முறை) இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸாக்ட் ஸ்டாப்பில் இருந்தால் ஒவ்வொரு புள்ளியிலும் நின்று நின்றுதான் போகும். மெஷின் தாங்கினால் ஆக்ஸிலரேஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஒரேயடியாகக் கூட்டினால் ஸ்டெப்பர் மோட்டார் படி தவறி, வேலையே நகர்ந்துவிடும்.

பிட் இறங்கின இடத்தில் வட்டமாகக் கருகல்

நேராக டிரில் மாதிரி இறக்குவதால் வருவது. ரவுட்டர் பிட் பக்கவாட்டில் வெட்டத்தான் பெரும்பாலும் செய்யப்பட்டது, நட்டநடுவில் அதற்கு வெட்டும் திறன் குறைவு. டூல்பாத்தில் (பிட் போகும் பாதையில்) ரேம்ப் போடுங்கள். 40, 50 மி.மீ. தூரத்தில் சரிந்துகொண்டே இறங்கட்டும். வெளி அவுட்லைனில் லீட்-இன் (வெளியிலிருந்து கோட்டுக்குள் நுழையும் பாதை) கொடுத்தால் இறங்கும் வடு கழிவுப் பக்கத்திலேயே விழும். டேப் (துண்டு நகராமலிருக்கப் பலகையோடு வெட்டாமல் விடும் சிறு இணைப்பு) வைக்கும் இடங்களிலும் இதே வடு வரும், ஏனென்றால் இசட் அச்சு ஏறி இறங்கும்வரை பிட் அங்கேயே நிற்கிறது. சதுர டேப்புக்குப் பதில் சரிவாக ஏறி இறங்கும் முக்கோண டேப் போட்டால் நிற்காது.

மேல் பாதி சுத்தம், கீழ் பாதி கருகல்

ஆழமான குறுகலான பள்ளத்தில் வெட்டின சீவலே திரும்பத் திரும்ப வெட்டுப்படுகிறது. 6 மி.மீ. பிட்டில் 6 மி.மீ. அகலப் பள்ளம், 18 மி.மீ. ஆழம் என்றால் சீவல் போக இடமே இல்லை. டவுன்கட் பிட் போட்டிருந்தால் இன்னும் மோசம், அது சீவலைக் கீழே தள்ளி அமுக்குகிறது. மேல் முகம் அழகாக வரும் என்பதற்காக முழு ஆழத்தையும் டவுன்கட்டிலேயே வெட்டுவது கருகலை விலைக்கு வாங்குவதுதான். முதல் பாஸ் டவுன்கட், மீதி அப்கட் (சீவலை மேலே தூக்கும் பிட்) என்று பிரிக்கலாம். இல்லையென்றால் பள்ளத்தை பிட்டைவிட 1 மி.மீ. அகலமாக்குங்கள். மூடியிருக்கிற தூசி பிரஷ்ஷுக்குள் உறிஞ்சல் போதாதபோது, காற்றுக் குழாயை பிட்டின் பக்கத்தில் காட்டினால் உடனே வித்தியாசம் தெரியும்.

இந்த அறிகுறியைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். பள்ளத்தில் அடைந்து புகையும் தூள் கங்காகி, குழாய் வழியாகத் தூசிப் பைக்குள் போகும். பையில் இருப்பது காய்ந்த மரத்தூள். வேலை முடிந்து ஷட்டரை இறக்கிய பிறகு மெல்லப் புகைந்து பற்றிக்கொள்ளும். கருகல் வாசனை வந்த நாளில் பையைக் கொட்டி, தூளைக் கட்டடத்துக்கு வெளியே, மூடியிட்ட தகர டின்னில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஓடும் மெஷினை விட்டு டீ குடிக்கப் போவதும் இதே காரணத்துக்காகத்தான் வேண்டாம் என்பது.

ஒரு பக்க ஓரம் மட்டும் கருகல், இன்னொரு பக்கம் பளிச்

ஒரே பள்ளத்தில் ஒரு பக்கம் கிளைம்ப் முறையிலும் (சீவல் தடிமனாக ஆரம்பித்து மெலியும்) மறுபக்கம் கன்வென்ஷனல் முறையிலும் (மெலிதாக ஆரம்பித்துத் தடிக்கும்) வெட்டுப்படும். கூடவே பிட் ஒரு பக்கமாக வளையும். அதனால் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வராது. நமக்கு வேண்டிய துண்டு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்பத் திசையை மாற்றிப் பாருங்கள். வெளி அவுட்லைனைக் கடிகாரத் திசையில் சுற்றினால் கிளைம்ப், எதிர்த்திசையில் சுற்றினால் கன்வென்ஷனல்.

இதைவிட நம்பகமான வழி, முதலில் ஓரத்தில் அரை மி.மீ. விட்டு வெட்டிவிட்டு, கடைசியில் முழு ஆழத்துக்கும் ஒரே ஃபினிஷிங் பாஸ். பிட்டின் வெட்டும் நீளம் பலகைக்குப் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. ஃபினிஷிங் பாஸுக்கு 0.1 மி.மீ. மட்டும் விட்டால், எடுக்க ஒன்றும் இல்லாமல் அதுவே தேய்த்துக் கருக்கும். அரை மி.மீ. விட்டாலும், பிட் பக்கவாட்டில் கொஞ்சமாகத்தான் கடிப்பதால் சீவல் நாம் கணக்குப் போட்டதைவிட மெல்லியதாக வரும். 6 மி.மீ. பிட் 0.6 மி.மீ. மட்டும் கடித்தால், கணக்கில் 0.1 வந்தாலும் உண்மைச் சீவல் 0.06 தான். ஃபினிஷிங் பாஸுக்கு ஃபீட்டைக் குறைக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கூட்டத்தான் வேண்டும்.

கருகல் இல்லை, ஆனால் பிசிறு

இது வேறு நோய். பிளைவுட்டின் மேல் முகத்தில் சிராய் எழுந்தால் அப்கட் பிட் இழைகளைத் தூக்குகிறது. கீழ் முகத்தில் உடைந்தால் கீழே ஸ்பாயில்போர்டின் தாங்கல் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து கம்ப்ரஷன் பிட் (நுனியில் அப்கட், அதற்கு மேலே டவுன்கட்) உண்டு. ஆனால் அதன் முதல் பாஸ் நுனியிலுள்ள அப்கட் பகுதியைத் தாண்டிய ஆழத்துக்கு இறங்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கிய கம்ப்ரஷன் பிட், மேல் முகத்தைப் பொறுத்தவரை வெறும் அப்கட்தான். ஓரத்தில் அலை அலையாகக் கோடு வந்தால் பிட் அதிகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது அல்லது பலகை ஆடுகிறது. சின்னத் துண்டுகள் கடைசி பாஸில் வேக்யூம் பிடியை விட்டு நடுங்கும். அங்கே ஒரு டேப், அல்லது அடியில் 0.3 மி.மீ. தோல் விட்டு வெட்டுவது போதும்.

நேம் போர்டுக்கு அக்ரிலிக் வெட்டும்போது வெட்டின பிளவே திரும்ப ஒட்டிக்கொண்டால், அதுவும் கருகலின் உறவுதான். ஒற்றை ஃப்ளூட் ஓ-ஃப்ளூட் பிட், குறைந்த சுற்று, காற்று. ஷீட் வாங்கும்போது காஸ்ட் அக்ரிலிக் என்று கேட்டு வாங்குங்கள், எக்ஸ்ட்ரூடட் சீக்கிரம் உருகும்.

ஏற்கெனவே கருகிவிட்ட துண்டு

ரேகையோடு ஓடும் ஓரத்தில் கருகல் பெரும்பாலும் மேலாகத்தான் இருக்கும். உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள், கருப்புத் தூள் பக்கத்துத் துளைகளில் ஏறிவிடும். கேபினட் ஸ்கிரேப்பரால் (மெல்லிய எஃகுச் சீவுதகட்டால்) ஒருமுறை சீவிவிட்டு, 120, அப்புறம் 180 தாள். ரேகைக்குக் குறுக்கே வெட்டின முகத்தில் கருகல் உள்ளே இறங்கியிருக்கும். அதைக் கையால் எடுக்க முயல்வதைவிட, அரை மி.மீ. உள்ளே தள்ளி இன்னொரு ஃபினிஷிங் பாஸ் ஓட்டுவது சுலபம். பலகை இன்னும் மெஷினில் அசையாமல் இருந்தால்தான் அது முடியும், அதனால் கழற்றுவதற்கு முன்பே ஓரங்களைப் பார்த்துவிடுங்கள். பெயின்ட் அடிக்கப்போகும் எம்.டி.எஃப். என்றால் நிறத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் கருகிய ஓரம் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும், பிரைமரும் பசையும் பிடிக்காது. 150 தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்து அந்தப் பளபளப்பை எடுத்துவிட்டு அடியுங்கள்.